மூன்றாவது கட்டத்தில் போட்ட டிக்

கோர்படியில் எங்கள் சந்துக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அது முதலில் என்னிடம்தான் வரும். ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு, மின் மீட்டர் விண்ணப்பம், பள்ளிச் சேர்க்கை, ஆஸ்பத்திரிப் படிவம் என்று எதுவாக இருந்தாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு வாசலில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காருவேன். ஒருவர் பின் ஒருவராக வந்து நிற்பார்கள். எனக்கென்று ஒரு முறை இருந்தது. படிவத்தை மனத்துக்குள் படிப்பேன், நிரப்ப வேண்டியதை நிரப்புவேன், கையெழுத்து விழ வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போடுவேன். "இங்க, இங்க, அப்புறம் கடைசிப் பக்கம்" என்று திருப்பிக் கொடுப்பேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அப்பா ராணுவக் குடியிருப்பில் துப்புரவு வேலை. அம்மா நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். வந்தவாசிப் பக்கத்திலிருந்து இந்த மராட்டி ஊருக்கு வந்தவர்கள். அங்கே கழனி வேலை, இங்கே இது. நான் பயோடெக்னாலஜி படித்தேன். அந்தச் சொல்லை எங்கள் சந்தில் யாராலும் முழுதாகச் சொல்ல முடியாது என்பதில்கூட எனக்கு ஒரு பெருமை இருந்தது.

சின்னம்மா, அதாவது அம்மாவின் தங்கை, எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். ஹடப்சரில் ஒரு மெஸ்ஸில் சப்பாத்தி போடுகிறாள். சின்னப்பாவுக்குச் சாகணில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. கல்யாணமாகிப் பதினோரு வருடம் அவர்களுக்குக் குழந்தை இல்லை. கோயில், நாட்டு மருந்து, ஜாதகம் எல்லாம் பார்த்து முடித்து, கடைசியில் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் சலுகையில் சோதனைக்குழாய் முறை செய்து பார்க்கலாம் என்று முடிவானது. அப்போது நான் பி.எஸ்.சி. கடைசி வருடம். கூட யார் போவது என்ற பேச்சே எழவில்லை.

அங்கேதான் அந்தப் படிவம் வந்தது. பன்னிரண்டு பக்கம், எல்லாம் ஆங்கிலம். கொடுத்த ஆலோசகரைப் பார்க்க எங்களுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டு ஜோடிகள் உட்கார்ந்திருந்தார்கள். சின்னப்பா முதல் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார். சட்டையில் எண்ணெய் வாசனை. சுவரில் தலை சாய்ந்து கண் மூடியிருந்தது.

ஒன்பதாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. சிகிச்சை முடிந்த பிறகு உறையவைத்த கருக்கள் மீதமிருந்தால் என்ன செய்ய வேண்டும்? கீழே மூன்று கட்டங்கள். எங்கள் பயன்பாட்டுக்கே வைத்திருக்கவும். அழித்துவிடவும். ஆராய்ச்சிக்கு, குருத்தணு ஆராய்ச்சி உட்பட, கொடுத்துவிடவும்.

அந்தப் பருவத்தில்தான் எங்களுக்குக் குருத்தணு, அதாவது ஸ்டெம் செல், பாடம் நடந்துகொண்டிருந்தது. உடலின் எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய அணுக்கள். பழுதான விழித்திரையை, அறுந்த நரம்பை ஒருநாள் சரிசெய்யலாம் என்ற நம்பிக்கை. அதற்காக ஐந்து நாள் வயதுடைய கருவைப் பிரிப்பது சரியா தவறா என்று நாடு நாடாக நடக்கும் சண்டை. சில நாடுகளில் அரசாங்கங்கள் தடை போட்டதும், தேர்தல் மேடைகள் வரை அது போனதும் எங்கள் பாடத்தில் இருந்தன. நான் யார் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாடப்புத்தகத்தில் இருந்த ஒரு வரி, சின்னம்மாவின் மடியில் இருக்கும் காகிதத்தில் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதை அவளுக்கு எப்படிச் சொல்வது? கரு என்று சொல்லலாம். உறையவைத்த கரு? குருத்தணு என்ற சொல்லே அப்போது எனக்குத் தெரியாது. என் தமிழ் சோறு கேட்கும் தமிழ், சண்டை போடும் தமிழ். வார்த்தை கிடைக்காமல் அவள் முன்னால் திக்கி நிற்க எனக்கு மனமில்லை.

"இன்னாடி ரொம்ப நேரமா பாக்குற, எதுனா வில்லங்கமா?" என்றாள் சின்னம்மா.

"ஒண்ணுமில்ல. மீதி இருந்தா ஆஸ்பத்திரிக்காரங்க பாத்துக்குவாங்கன்னு போட்டிருக்கு."

"பாத்துக்கட்டும், பாத்துக்கட்டும். எனக்கு ஒண்ணு குடுத்தா போதும்."

மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டேன். என் டிக்குக்கு வால் நீளம். பள்ளி டீச்சர் போடுவதைப் பார்த்துப் பழகியது. தொடர்பு எண் என்ற இடத்தில் வழக்கம்போல என் எண்ணை எழுதினேன். சந்தில் பாதிப் பேருடைய படிவங்களில் என் எண்தான் இருக்கும். பிறகு பென்சில் குறிகள் போட்டுக் கொடுத்தேன். சின்னம்மா ஒவ்வொரு குறியாகத் தேடித் தன் பெயரை இந்தி எழுத்தில் எழுதினாள். அந்தக் கையெழுத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

"எல்லாம் புரியும்படி சொல்லிவிட்டாயா?" என்று ஆலோசகர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"எஸ் மேடம், எவ்ரிதிங்" என்றேன்.

நான்கு கருக்கள் உருவாயின. இரண்டை உள்ளே வைத்தார்கள். ஒன்று தங்கியது, பெண் குழந்தை. குட்டி என்று கூப்பிடுகிறோம். மீதி இரண்டும் உறைநிலையில் இருப்பதாக மருத்துவர் இந்தியில் சொன்னது சின்னம்மாவுக்கு நன்றாகப் புரிந்திருந்தது. ஜனவரிக் குளிரில் குட்டிக்கு ஸ்வெட்டர் மாட்டும்போதெல்லாம், "உனக்கு இன்னாடி கொறச்ச, உன் கூடப்பொறந்ததுங்க ரெண்டு பேரு ஐஸ்ல கெடக்குறாங்க, அவங்க அழுவுறாங்களா?" என்பாள். சின்னப்பா, "அதுங்களுக்கும் ஒரு கம்பளி வாங்கி அனுப்பு" என்பார். நானும் சிரிப்பேன்.

குட்டிக்கு ஒரு வயது முடிந்த சமயம், எம்.எஸ்.சி. வகுப்புக்குப் போகும் பி.எம்.டி. பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது என் கைபேசிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு செய்தி வந்தது. நீங்கள் அளித்த ஒப்புதலின்படி மீதமுள்ள இரண்டு கருக்களும் ஆராய்ச்சிக்கு ஒப்படைக்கப்படும். முடிவை மாற்ற விரும்பினால் முப்பது நாட்களுக்குள் தெரிவிக்கவும். இரண்டு முறை படித்தேன். புரியாத ஒரு சொல்கூட அதில் இல்லை. அன்று சாயங்காலம் சின்னம்மா வீட்டில்தான் தேநீர் குடித்தேன். சொல்லவில்லை.

மறந்துபோனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. அவர்களுக்கு ஒரு குழந்தை வந்துவிட்டது, அந்த ஒற்றை அறைக்கு அது போதும், மீதி வீணாகாமல் நல்ல காரியத்துக்குப் போகட்டும் என்று நான் நினைத்தேன். சொன்னால் சின்னம்மா அழுவாள், சின்னப்பா ஊரில் சாமியாடியிடம் கேட்பார், காரியம் கெடும் என்றும் நினைத்தேன். முப்பது நாளும் போயின. அந்தச் செய்தியை நான் இன்னும் அழிக்கவில்லை.

அதற்குச் சில மாதங்கள் கழித்து ஹடப்சரில் ஒரு கல்லூரியில் விவாதப் போட்டி. தலைப்பு, மனிதக் கருவைக் குருத்தணு ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாமா என்பது. ஆதரித்துப் பேசும் அணியில் நான். எதிரணியில் சாதாரா பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். குரலை உயர்த்தாமல் பேசினாள். உயிர் எந்த நாளில் தொடங்குகிறது என்ற பழைய சண்டைக்குள் அவள் போகவே இல்லை. "நம் நாட்டில் யாருடைய கருக்கள் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போகும்? வக்கீல் வீட்டுப் பெண்ணுடையதா? படிவத்தைப் படிக்கத் தெரியாதவளுடையதுதான் போகும். அவள் கொடுத்ததாகக் காகிதம் சொல்லும்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அது குற்றவுணர்வு என்று அப்போது தோன்றவில்லை. என் சாதி சனத்தை இழிவாகப் பேசிவிட்டாள் என்றுதான் பட்டது. எழுந்து மைக்கைப் பிடித்தேன். "படிக்காதவர்களுக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று நினைப்பதுதான் அவமானம். என் சின்னம்மாவுக்கு எழுத்து தெரியாது. சப்பாத்தி போட்டுப் பிழைக்கிறவள். தன் இரண்டு கருக்களை ஆராய்ச்சிக்குக் கொடுத்திருக்கிறாள். வேறு ஒருவருடைய பிள்ளைக்குப் பார்வை வரட்டும் என்று கொடுத்தாள்" என்றேன்.

"அவளுக்கு எந்த மொழியில் விளக்கினார்கள்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"எங்கள் தாய்மொழியில். நானே விளக்கினேன்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எனக்கு முதல் பரிசு. பித்தளைத் தகடு பதித்த மரக்கேடயம். எங்கள் வீட்டில் அதை வைக்க இடமில்லை. கண்ணாடி வைத்த ஷோகேஸ் சின்னம்மா வீட்டில்தான் இருக்கிறது. அவளே வந்து வாங்கிக்கொண்டு போனாள். நடுத்தட்டில் இருந்த பீங்கான் வாத்தை நகர்த்திவிட்டு அங்கே நிற்க வைத்தாள்.

"இது இன்னாத்துக்குடி குடுத்தாங்க?"

"பேசினதுக்கு."

"நீ பேசறதுக்கெல்லாம் குடுக்கறதுன்னா இந்த வீடு பத்தாதே" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் தகட்டைத் துடைத்தாள்.

இந்த வருடம் குட்டிக்கு மூன்று வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னம்மா என் நாற்காலிக்கு எதிரில் வந்து நின்றாள். கையில் காகிதம் இல்லை.

"பாப்பா, அந்த ரெண்டு இருக்குதில்ல, அதுல ஒண்ண வச்சிக்கலாம்னு பாக்குறோம். இவளுக்கு ஒரு தொணை வேணும். எனக்கும் வயசு ஏறிக்கினே போவுது. சின்னப்பாவும் சரின்னுட்டாரு. ஆஸ்பத்திரிக்கு எப்ப வர்றே?"

அப்போதே சொல்லியிருக்கலாம். சுற்றிலும் நான்கு பேர் படிவங்களோடு நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் எப்படி என்று மனம் ஒரு சாக்கு கொடுத்தது. "கேட்டுப் பாக்கலாம்" என்றேன். அடுத்த நான்கு நாட்களும் தனியாகச் சொல்ல எத்தனையோ வாய்ப்பு வந்தது. நான் அந்த ஆஸ்பத்திரி மேல் நம்பிக்கை வைத்தேன். நம் ஊரில் எந்த அலுவலகத்தில்தான் வேலை நேரத்துக்கு நடக்கிறது, அவர்கள் இன்னும் கொடுத்திருக்கமாட்டார்கள், உறைபெட்டியிலேயே இருக்கும், நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துத் திரும்ப வாங்கிவிடலாம். அவர்களுடைய சோம்பேறித்தனத்துக்காக நான்கு நாட்கள் வேண்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மெஸ்ஸுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, பச்சைப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, பழைய கோப்பைத் துணிப்பையில் போட்டு அவள் கிளம்பினாள். ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, பையன் பிறந்தால் என்ன பெயர், பெண் என்றால் என்ன பெயர் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். "படிச்ச பேரா ஒண்ணு சொல்லேன்டி."

ஆலோசகர் புதியவர். மராட்டிக்காரர், மரியாதையானவர். "பசா மாவ்ஷி", உட்காருங்கள் சித்தி, என்று நாற்காலியைக் காட்டினார். கணினியில் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய்ப் பழைய கோப்பை எடுத்து வந்தார். ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து சின்னம்மா பக்கம் திருப்பி வைத்தார். இரண்டும் ஆராய்ச்சிக்குக் கொடுக்கப்பட்டுவிட்டன, உங்கள் ஒப்புதல் இருக்கிறது, செய்தியும் அனுப்பியிருக்கிறோம் என்று இந்தியில் மெதுவாகச் சொன்னார். வேலை நேரத்துக்கு நடந்திருந்தது.

சின்னம்மா காகிதத்தைப் பார்த்தாள். அவள் கையெழுத்து இருந்தது. பக்கத்தில் என் பென்சில் குறி, மங்கிப்போயிருந்தாலும் தெரிந்தது. மேலே மூன்றாவது கட்டத்தில் வால் நீண்ட டிக். எழுத்து தெரியாதவளுக்கு என் டிக் தெரியும். அவள் வீட்டு ரேஷன் படிவத்திலிருந்து தாமதமாகச் செய்த கல்யாணப் பதிவு வரை அந்த வாலைப் பார்த்திருக்கிறாள். அவள் விரல் அதன் மேல் போய் நின்றது. என்னைப் பார்க்கவில்லை.

ஆலோசகர் முகம் மாறியது. "மாவ்ஷி, அப்போது உங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லையா? சொல்லவில்லை என்றால் எழுதிக் கொடுங்கள். நெறிமுறைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். யார் விளக்கியது?" என்றார்.

கடைசிப் பக்கத்தில் விளக்கியவர் என்ற இடத்தில் என் பெயரும் கையெழுத்தும் இருந்தன. ஆங்கிலத்தில், அழகாக.

"பதாயா தா மேடம்" என்றாள் சின்னம்மா. சொன்னார்கள். "மேரீ பேட்டீனே சப் சம்ஜாயா தா. மை ஹீ பூல் கயீ." என் பெண் எல்லாம் விளக்கிச் சொன்னாள், நான்தான் மறந்துவிட்டேன்.

 மேடையில் சொன்ன பொய்யை அவள் எனக்காக அந்த மேசையின் மேல் உண்மையாக்கி வைத்தாள். அது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதியை நினைக்கும்போதுதான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

வெளியே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். மூன்று பேருந்துகளை விட்டாள்.

"அத எடுத்துக்கினு போயி இன்னா பண்ணுவாங்க?"

சொன்னேன். நான்கு வருடம் முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை, டீசல் புகையில் உட்கார்ந்து, வார்த்தை தேடித் தேடிச் சொன்னேன். கல் உப்பைவிடச் சின்னது. அதற்குள் இருக்கும் அணுக்களைத் தனியாகப் பிரித்து ஒரு தட்டில் வளர்ப்பார்கள். அது கண்ணாகவும் ஆகும், நரம்பாகவும் ஆகும். எப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கலாம். ஆச்சரியம், சொல்ல முடிந்தது. என் அரைகுறைத் தமிழே அதற்குப் போதுமாக இருந்தது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"பிரிச்சா அப்புறம் அது இல்ல."

"இல்ல சின்னம்மா."

"செத்துப்போச்சா?"

மேடையில் இந்தக் கேள்விக்கு என்னிடம் மூன்று பதில்கள் இருந்தன. நரம்பு மண்டலம் தோன்றாத நிலை, பதினான்கு நாளுக்கு மேல் கருவை வளர்க்கக் கூடாது என்ற வரம்பு, கருப்பையில் வைக்காத கரு தானாக வளர முடியாது. மூன்றும் இப்போதும் சரியானவை என்றே நினைக்கிறேன். ஆராய்ச்சி வேண்டும் என்ற என் கட்சியும் மாறவில்லை. ஆனால் அவள் கேட்டது அந்தக் கேள்வியை அல்ல. "தெரியல" என்றேன்.

"அந்த மெசேஜு உன் போனுக்குத்தான வந்திச்சி?"

"ஆமா."

"படிச்சியா?"

"படிச்சேன்."

அவள் துணிப்பையை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். "கேட்டிருந்தா குடுத்துகூட இருப்பேன். யாரு பெத்த புள்ளைக்கோ கண்ணு வருதுன்னா எனக்கு இன்னா வலிக்குது. இல்ல, குடுக்காம வச்சிக்கினு இருந்திருப்பேன். எனக்குத் தெரியல. நீ கேக்கலியேடி."

பேருந்தில் ஏறும் முன் ஒன்று சொன்னாள். "உங்க சின்னப்பாகிட்ட, ரெண்டும் தேறலன்னு டாக்டரு சொன்னாங்கன்னு சொல்லிக்கிறேன். உங்கம்மாவுக்கும் அதான். நீ எதுனா வாயத் தொறந்த, அப்புறம் நான் உன்னோட பேசமாட்டேன். சந்துல எல்லாரும் உன்கிட்டதான் வர்றாங்க. அத கெடுத்துக்காத."

சின்னப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னாள். பிறகு வேலைக்குப் போய்விட்டார். கேடயம் இன்னும் அந்த ஷோகேஸில்தான் இருக்கிறது. அதை எடுத்தால் ஏன் என்று அவர் கேட்பார். விருந்தாளி யாராவது வந்தால் அவரே அதைக் காட்டி, "எங்க அண்ணி பொண்ணு வாங்கினது" என்கிறார். நான் பீங்கான் வாத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

போன மாதம் குட்டியைப் பாலர் பள்ளியில் சேர்க்கப் படிவம் வந்தது. சின்னம்மா அதை வேறு யாரிடமாவது கொண்டுபோவாள் என்று நினைத்தேன். ஜெராக்ஸ் கடைக்காரர்கூட நிரப்பித் தருகிறார். ஞாயிற்றுக்கிழமை வரிசையில் கடைசி ஆளாக அவளே வந்தாள். பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"சத்தமா படி."

"இதெல்லாம் பேரு, விலாசம்தான் சின்னம்மா."

"இருக்கட்டும். படி."

படித்தேன். ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. பல இடங்களில் திக்கினேன். சில இடங்களில் இந்திச் சொல்லைப் போட்டு ஒப்பேற்றினேன். அவள் காத்திருந்தாள். ஐந்து நிமிட வேலைக்கு ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் ஒரு கேள்வி: விழாக்களில் குழந்தையை எடுக்கும் புகைப்படங்களைப் பள்ளி விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதமா? ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம்.

"இதுல எது வேணாங்கற கட்டம்?"

காட்டினேன். பேனாவை அதன் மேல் கொண்டுபோனேன். அவள் என் விரல்களிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டாள்.

"குடு. நான் போடுறேன்."

கட்டத்துக்கு வெளியே போய் விழுந்தது அது. டிக் மாதிரியும் இல்லை. பரவாயில்லையா என்பதுபோல நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டு, கையெழுத்து எங்கே என்று தானே தேட ஆரம்பித்தாள். நான் பென்சில் குறி போட்டிருக்கவில்லை.